கப்பலுக்கு என்று சொல்லித்தான் ரோமிங் பேக் வாங்கினேன்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை, உங்கள் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் (16 வருடங்களாக),
தில்லைநகர், திருச்சி.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: கப்பல் பயணத்தில் என் செல்போனுக்குப் போட்ட ரூ. 69,572.80 பில்லை ரத்து செய்யக் கோருதல் – நான்காவது கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ். யார் தீர்த்தார்கள், எப்படித் தீர்த்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. இந்தக் கடிதத்தையாவது ஒரு மனிதர் உட்கார்ந்து முழுவதும் படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் நானும் என் கணவரும் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு மகள் டிக்கெட் எடுத்திருந்தாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் கண்டோன்மென்டில் உள்ள உங்கள் ஷோரூமுக்கு நானே நேரில் போனேன். கவுன்ட்டரில் இருந்த தம்பியிடம், "சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போகிறோம், போன் வேலை செய்ய என்ன பேக் போட வேண்டும்?" என்று கேட்டேன். கப்பல் என்ற வார்த்தையை ஒரு முறை இல்லை, மூன்று முறை சொன்னேன். வெளிநாட்டிலும் நம் எண்ணே வேலை செய்வதற்கான ரோமிங் பேக் ஒன்றை அவர் ரூ. 2,999-க்குப் போட்டுக் கொடுத்தார். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் சேரும் என்றார். அதோடு, "டேட்டா ரோமிங்கை ஆன்லயே வைங்கம்மா, ஆஃப் பண்ணிட்டா பேக் வேலை செய்யாது" என்று என் போனை வாங்கி அவரே ஆன் செய்தும் கொடுத்தார்.

கப்பலில் ஏறியதும் வைஃபை வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு. மகள் வாங்கலாம் என்றாள். "வேண்டாம்மா, நான்தான் ஊரிலேயே பேக் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேனே" என்று தடுத்தது நான். அந்த வைஃபையை எனக்கு மட்டும் வாங்கியிருந்தால் நான்கு நாளைக்கும் சேர்த்துச் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும். உங்கள் ஷோரூமை நம்பித்தான் நான் வேண்டாம் என்றேன்.

பினாங்கில் இறங்கியபோது பேக் ஒழுங்காகவே வேலை செய்தது. அதனால் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். குயின் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். கடல் கடந்து வந்த நம் ஆட்கள் எழுப்பிய கோயில் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபுரத்தை, தெருவை, என் கணவரை நிற்கவைத்து என்று போன் நிறையப் படமும் வீடியோவும் எடுத்தேன். அந்தப் படங்கள்தான் அன்று ராத்திரி கப்பல் புக்கெட் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, நான் தூங்கிக்கொண்டிருக்க, போனிலிருந்து தானாகவே இன்டர்நெட்டில் ஏறியிருக்கின்றன. 110 எம்பி. நான் ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை.

நான் கணக்கு டீச்சர். உங்கள் பில்லை நானே போட்டுப் பார்த்தேன். 10 கேபிக்கு 5 ரூபாய். அப்படியென்றால் 1 எம்பிக்கு 512 ரூபாய். 110 எம்பிக்கு 56,320. மகன் பெங்களூரிலிருந்து மூன்று முறை கூப்பிட்டான், எடுத்துப் பேசிய 11 நிமிடத்துக்கு நிமிடம் 240 வீதம் 2,640. வந்த அழைப்புக்கும் காசு! அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குத் தகராறு இல்லை. அதே போனில், அதே பேக்கில் 5 ஜிபி எனக்குப் பாக்கி இருந்தது. கோயில் வாசலில் நின்று அதே படங்களை அனுப்பியிருந்தால் ஒரு பைசா கூடுதலாக ஆகியிருக்காது. 31 வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்த நியாயம் மட்டும் புரியவே இல்லை.

இது ஏன் என்று எனக்குச் சொன்னது உங்கள் ஆட்கள் இல்லை. எங்கள் எதிர் வீட்டுத் தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவர்தான் ஐந்து நிமிடத்தில் விளக்கினார். கப்பல் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டியதும் கப்பலுக்குள்ளேயே இருக்கும் சின்ன டவரைப் போட்டுவிடுவார்களாம். அது சாட்டிலைட் வழியாக வேலை செய்கிறது. 901 என்று தொடங்கும் எண் வரிசையில் வரும் அந்த நெட்வொர்க் மலேசியாவுக்கும் சேராது, தாய்லாந்துக்கும் சேராது. எந்த நாட்டு பேக்கிலும் அது வராது. துறைமுகத்துக்குள் வந்தால் அணைத்துவிடுவார்கள், அதனால்தான் பினாங்கில் என் பேக் வேலை செய்தது. "அத்தை, கப்பல் ஏறினதும் ஃபிளைட் மோடு போட்டுட்டு வைஃபையை மட்டும் ஆன் பண்ணிக்கணும். வாட்ஸ்அப்பிலேயே பேசிக்கலாம். கரையில இறங்கினா ஃபிளைட் மோடை எடுத்துடலாம். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் ஐயா. உங்கள் சொந்தச் சரக்கைப் பற்றி இது உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். தெரிந்துகொண்டே, கப்பலுக்கு என்று கேட்டு வந்த 63 வயதுப் பெண்ணிடம் தரைக்கு மட்டும் ஆகும் பேக்கை விற்று, ரோமிங்கையும் கையோடு ஆன் செய்து அனுப்பினீர்கள். அந்தத் தம்பி சின்னப் பையன், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்காத உங்கள்மேல்தான் கோபம்.

கட்டணம் கூடுகிறது என்று எஸ்எம்எஸ் அனுப்பினோமே என்கிறீர்கள். அனுப்பினீர்கள், இரவு 1.40 மணிக்கு, ஆங்கிலத்தில். உங்கள் பில்லிலேயே இன்டர்நெட் ஓட ஆரம்பித்த நேரம் 11.20 என்று இருக்கிறது. என் கிரெடிட் லிமிட் 5,000 ரூபாய். அதைத் தாண்டியதும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால், கப்பல் தரப்பிலிருந்து கணக்கு தாமதமாகத்தான் வரும் என்று பதில். உங்கள் இரண்டு கம்பெனிக்கு நடுவில் கணக்கு தாமதமானால் அந்தப் பாரத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

இப்போது மார்ச் 11-ம் தேதி பற்றிச் சொல்கிறேன். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. அன்று மதியம் உங்கள் கால் சென்டரில் 40 நிமிடம் காத்திருந்து ஒருவரிடம் பேசினேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் சொன்னார்: "கப்பல்ல சுத்தறதுக்குக் காசு இருக்கு, பில் கட்ட மட்டும் காசு இல்லையா மேடம்?" என் கணவர் பக்கத்தில் இருந்தார், ஸ்பீக்கரில் கேட்டார். அந்தக் கப்பல் டிக்கெட் எங்கள் மகள் தன் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது. இல்லாவிட்டாலும் அதைக் கேட்க அவர் யார்? நான் ட்ராயில் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் செய்வேன் என்றதும், "தாராளமா எழுதிக்கோங்க" என்று சிரித்தார். ட்ராய் தனிப்பட்ட வாடிக்கையாளர் புகாரை நேரடியாக விசாரிக்காது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மன்னிக்கவும், நாங்கள் சென்னைக்கு வந்ததைக் கோபத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். திருச்சி ஷோரூமில் "சர்வதேச ரோமிங் எல்லாம் சென்னை ஆபீஸ்தான், நேர்ல போனா முடிச்சுடலாம்" என்றார்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிவதற்குள் எழும்பூரில் இறங்கி, ஆபீஸ் திறக்கும்வரை என் கணவரோடு ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சர்க்கரை, முட்டி வலி வேறு. உங்கள் கட்டட வாசலில் செக்யூரிட்டி, "இங்க கஸ்டமர் யாரையும் பாக்க மாட்டாங்கம்மா" என்றார். அவர் பாவம், ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீரும் கொடுத்தார். இந்த மொத்த விவகாரத்தில் என்னை மனுஷியாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெண் இறங்கி வந்தார். நான் கொண்டுபோன ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஆப்ல கம்ப்ளைன்ட் போடுங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டார். அதை வீட்டிலிருந்தே செய்திருக்க மாட்டேனா? ராத்திரி ரயில்வரை எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தோம்.

ஏப்ரல் முதல் வாரம் என் எண்ணிலிருந்து வெளியே பேச முடியாமல் செய்தீர்கள். இப்போது உள்ளே வரும் அழைப்பையும் நிறுத்தப்போவதாக மெசேஜ் வந்திருக்கிறது. பென்ஷன் கணக்கு, ஆதார், ஆஸ்பத்திரி, சமையல் கேஸ் எல்லாமே இந்த எண்ணில்தான். இதை நிறுத்துவது என்னை வீட்டோடு வைத்துப் பூட்டுவதற்குச் சமம். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கடலைப் பார்த்த சந்தோஷம் முழுவதும் போய்விட்டது. அந்தக் கோயில் படங்களை இன்றுவரை நான் திறந்து பார்க்கவில்லை. இந்த இரண்டு மாதத்தில் எனக்கு இருபது வயது கூடிவிட்டது. நான் இழந்ததற்கு மூன்று லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

ஆனாலும் உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. 16 வருடத்தில் ஒரு மாதம்கூட பில் தாமதமாகக் கட்டியதில்லை, உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். கப்பல் வகையில் போட்ட ரூ. 69,572.80-ஐ முழுவதும் ரத்து செய்யுங்கள். என் இணைப்பை உடனே சரி செய்யுங்கள். மார்ச் 11 அன்று பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எதிர் வீட்டுத் தம்பி சொன்ன அந்த நான்கு வரியைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஷோரூமிலும் ரோமிங் பேக் விற்கும் கவுன்ட்டரில் ஒட்டுங்கள். இதற்காக நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் நேரில் வருவேன்.

15 நாளில் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும், திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடுவேன். டெலிபோன் விவகாரத்தை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று உங்கள் வக்கீல் சொல்லிப் பயனில்லை. விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே நான் மூன்று லட்சம் நஷ்டஈடும் கேட்பேன். ஆணையம் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான், எனக்கு வேறு வேலையும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், ஷோரூம் ரசீது, இரவு 1.40 எஸ்எம்எஸ் படம், மூன்று புகார் எண்கள், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் டிக்கெட் இரண்டு.

பி.கு: மார்ச் 11 மதியம் 2.15 முதல் 3.10 வரை நடந்த அழைப்பின் பதிவை அழித்துவிடாதீர்கள். அது எனக்கு வேண்டும்.