தீர்மானப் புத்தகத்தை விரித்து வையுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணனுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், ஊராட்சி செயலருக்கும் வணக்கம்.

முந்தின வருடம் ஆகஸ்ட் 15 கிராம சபையில், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நானும் உட்கார்ந்திருந்தேன். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் செயலர் தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்தார். மேற்குத் தெரு கழிவுநீர்க் கால்வாயும் அதில் ஒன்று. "ஆட்சேபனை உண்டா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "ஏகமனதாக நிறைவேறியது" என்றார். கையெழுத்து நோட்டு கைமாறத் தொடங்கியது.

எனக்குப் பக்கத்தில் ஓர் அக்கா. வருடக்கணக்காக நூறு நாள் வேலையில் வரத்துக் கால்வாயைத் தூர்வாரியவர். சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் வாட்டமே இல்ல தம்பி. தண்ணி மேட்டுக்கா ஏறும்?" எழுந்து சொல்லுங்கள் என்றேன். "நாம சொல்லி என்ன ஆவப்போவுது, அதான் எழுதி முடிச்சிட்டாங்களே" என்றபடி அவரும் கையெழுத்துப் போட்டார். அடுத்து நோட்டு என்னிடம் வந்தது. நானும் போட்டேன்.

கால்வாய் கட்டிய பிறகு வந்த முதல் ஐப்பசி மழையில் மேற்குத் தெருவில் நான்கு நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்த அக்காவின் அடுப்பும் அதில்தான் மூழ்கியது.

அண்ணே, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அந்தக் கால்வாய்க்கான நிதிக்கு நீங்கள் எத்தனை முறை ஒன்றிய அலுவலகத்துக்கு அலைந்தீர்கள் என்று ஊருக்கே தெரியும். வாட்டம் எந்தப் பக்கம் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர் பேசுவதற்கு மட்டும் அங்கே இடமில்லை. தெருப் பெரியவர்கள், வேலைக்குப் பேர் எழுதுகிறவர், கடன் கொடுத்தவர் எல்லாரும் பார்த்திருக்க, தனியாக எழுந்து நின்று "வேண்டாம்" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அந்த மௌனத்தைத்தான் ஏகமனது என்று எழுதிக்கொள்கிறோம்.

வருடத்துக்கு ஆறு கிராம சபை. 3,000 பேருக்குள் உள்ள நம் ஊர் போன்ற ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த நூறுக்காக வேலைத் தளத்திலிருந்து பெண்களை அழைத்து வந்து உட்கார வைக்கிறோம். தலையை எண்ணுகிறோம், அவர்கள் மனதில் இருப்பதைக் கேட்பதில்லை.

உத்திரமேரூர் நமக்கு ஒரு பஸ் தூரம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, எடுத்து, பொறுப்புக்கு ஆள் தேர்ந்த முறையைச் சொல்பவை அவை. குடவோலை என்று பெருமையாகப் பேசுகிறோம். அதில் என்னை நிறுத்திய இடம் வேறு. விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டுக் குடத்திலிருந்து ஓலையை எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லாரும் திரும்ப வாசிக்க வேண்டும். கையில் எதையும் மறைக்கவில்லை என்று சபை கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்கு இவ்வளவு ஏற்பாடு! முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடவே கூடாது என்றும் இருக்கிறது.

ஆனால் அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை. நம் அக்காவை அதன் வாசலில்கூட நிற்க விட்டிருக்க மாட்டார்கள். இன்று வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், அவரும் சபை. இந்த உரிமை வந்து சேர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதை ஒரு கையெழுத்தோடு முடித்து அனுப்புகிறோமே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

வரும் அக்டோபர் 2 கூட்டத்துக்கு என் வேண்டுகோள் இவை. தீர்மானங்களை ஒரு வாரம் முன்பே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கூட்டத்தன்று முதலில் தெருத் தெருவாகப் பிரிந்து உட்கார்ந்து பேச அரை மணி நேரம் கொடுங்கள். பெண்கள் தனியாக உட்காரட்டும். பத்துப் பேர் நடுவில் வாய் திறக்காதவர் நாலு பேர் நடுவில் பேசுவார். பிறகு தெருவுக்கு ஒருவர் எழுந்து, 'எங்கள் தெரு சொல்வது இது' என்று சொல்லட்டும். தனி ஆள் மீது பழி விழாது. அண்ணே, நீங்கள் கடைசியில் பேசுங்கள். நீங்கள் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டத்தான் செய்வார்கள். மாற்றுக் கருத்து ஒன்றே ஒன்று வந்தாலும் காரணத்தோடு புத்தகத்தில் ஏற வேண்டும். எல்லாம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

மேற்குத் தெருக் கால்வாயைச் சரிசெய்வதை முதல் பொருளாக வையுங்கள். அந்த அக்காவிடம் பேசிவிட்டேன். காலை ஏழு மணிக்கு வந்தால் வாட்டம் எந்தப் பக்கம் என்று நடந்தே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பொறியாளரையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
மேற்குத் தெரு வாக்காளர் ஒருவர்