ட்யூப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி: வடசென்னை கேஷுவாலிட்டிகளுக்குத் திறந்த மடல்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கேஷுவாலிட்டியில் இரவும் பகலும் நிற்கிற டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் 108 வண்டித் தம்பிகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மயங்கியோ மூச்சு முட்டியோ வருகிறவருக்கு யூரின் ட்யூப் போடுவதற்கு முன்னால், "சிறுநீர்க் கசிவுக்கு ஆபரேஷன் செய்து உள்ளே ஏதாவது கருவி வைத்திருக்கிறதா?" என்று அவரிடமோ கூட வந்தவரிடமோ கேளுங்கள். கோரிக்கை இவ்வளவுதான்.

என் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. ஹார்பரில் மூட்டை இறக்கிய உடம்பு அவருடையது. புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை எடுத்த பிறகு இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், வேட்டி நனைந்துவிடும். இடுப்புத் தசைக்கான பயிற்சிகளை மாதக்கணக்கில் செய்தும் நிற்கவில்லை, வாடை வருமோ என்று பயந்து சொந்தத் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கே போகாமல் இருந்த மனுஷன். கடைசியில் செயற்கை ஸ்பிங்க்டர், அதாவது சிறுநீரை அடக்கும் தசையின் வேலையைச் செய்கிற கருவி, வைத்தார்கள். செலவு லட்சக்கணக்கில், அதைப் பற்றித் தனி மடலே எழுதலாம். ஆனால் அதன் பிறகு தாராளமாகக் காசிமேடு வரை நடந்து போய் மீன் வாங்கி வந்தார்.

கருவி என்னவென்றால், உப்புநீர் நிரப்பிய மூன்று உறுப்புகள், நடுவே மெல்லிய குழாய்கள். சிறுநீர்ப் பாதையைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு கஃப், அடிவயிற்றுக்குள் ஒரு சின்ன பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்ப். கஃப் எப்போதும் நிறைந்து பாதையை அழுத்தி மூடியே இருக்கும், போகவேண்டும் என்றால் பம்பை விரலால் சில தடவை அமுக்க, கஃப்பில் இருக்கிற உப்புநீர் பலூனுக்குப் போய்விடும், வழி திறக்கும், இரண்டு மூன்று நிமிஷத்தில் கஃப் தானாகவே நிறைந்து மறுபடி மூடிக்கொள்ளும். பெண்களுக்குக் கசிவுக்கு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் பாதையைத் தாங்க ஒரு பட்டை வைக்கிற ஸ்லிங் ஆபரேஷன்தான், இந்தக் கருவியை வைத்துக்கொண்டவர்களும் உண்டு, அவர்களுக்கு பம்ப் பிறப்புறுப்பின் வெளி உதட்டுக்குள் இருக்கும். 1972லேயே மனித உடம்பில் வைத்துவிட்ட சங்கதி இது, நேற்று வந்த புதுமை இல்லை. ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. சிக்கலே அதுதான்.

சர்க்கரை இறங்கி அப்பா விழுந்த அன்று அவரைச் சேர்த்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம், உயிரைக் காப்பாற்றியவர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டி நின்ற நேரத்திலாவது யாராவது கேட்டிருக்கலாம். உள்ளே போனதும் வழக்கம்போல ட்யூப் போட்டார்கள், போகவில்லை, கொஞ்சம் பலமாகத் தள்ளினார்கள். மூடிய கஃப் வழியாகத் தடித்த ட்யூப் ஒன்று போய் நாள்கணக்கில் உள்ளேயே இருந்தால் என்ன ஆகும்? கஃப் பாதையின் சுவரை அரித்து உள்ளே வந்துவிட்டது. முதலில் ரத்தம், அப்புறம் எரிச்சல், அப்புறம் பழைய கசிவு. கேமரா விட்டுப் பார்த்த யூராலஜி (சிறுநீர்ப் பாதை சிகிச்சை) டாக்டர் கருவியையே எடுத்துவிட்டார். பாதை ஆறிய பிறகுதான், மாதங்கள் கழித்து, இன்னொன்று வைக்கலாமா என்றே யோசிக்க முடியுமாம். இப்போது மறுபடி டயப்பர்.

கேட்டதும் "ஆமாம், இருக்கிறது" என்று பதில் வந்தால் என்ன செய்வது? நான் டாக்டர் இல்லை, அந்த யூராலஜி டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். முதலில் யூராலஜியைக் கூப்பிடுங்கள். பம்பை அது தட்டையாகும் வரை அமுக்கி கஃப்பைக் காலியாக்க வேண்டும், சில விநாடி விட்டு, பம்ப் மேலேயே இருக்கிற சின்ன பொத்தானை அழுத்தினால் கஃப் திறந்தபடி நிற்கும். அதற்குப் பிறகு மெல்லிய ட்யூப், 12 பிரெஞ்ச் (ட்யூப் தடிமனுக்கான அளவு) போல, அதுவும் எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம். பல நாள் தேவைப்படும் என்றால் அடிவயிறு வழியாக வைப்பதை யூராலஜிக்காரர்கள் முடிவு செய்யட்டும்.

பேஷண்டே சொல்லவேண்டாமா என்பீர்கள். நினைவில்லாதவர் எப்படிச் சொல்வார்? நினைவு இருந்தாலும், சுற்றி மருமகளும் பக்கத்து வீட்டுக்காரரும் நிற்கையில் எழுபது வயது ஆள் விதைப்பையில் பம்ப் இருக்கிறது என்று வாய் திறப்பாரா? கூட வந்த பிள்ளைகளுக்கே தெரியாத வீடுகளும் இருக்கின்றன. அதனால் திரையை இழுத்துவிட்டு மெதுவாகக் கேளுங்கள், தயவுசெய்து ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி வேண்டாம். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் விதைப்பையை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், பம்ப் கையில் தட்டுப்படும். ட்யூப் தடைபட்டால் பலத்தைக் கூட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு கூட்டம் என்று தெரியும். ஒரு ஸ்ட்ரெச்சரில் இரண்டு பேர் கிடக்கிற இரவுகளையும் பார்த்திருக்கிறேன். பயிற்சி டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒருவருக்குச் சொன்னது அடுத்தவருக்குப் போய்ச் சேராது. அதனால்தான் அட்மிஷன் தாளிலேயே, அலர்ஜி உண்டா என்ற கேள்விக்குக் கீழே, இதையும் ஒரு வரியாக அச்சடியுங்கள் என்கிறேன். அதுவரைக்கும் கதீட்டர், அதாவது இந்த யூரின் ட்யூப், வைக்கிற டிராலி மேல் ஒட்ட ஒரு பக்கத் தாள் தயார் செய்திருக்கிறோம், அப்பாவின் டாக்டர் திருத்திக் கொடுத்தது. அனுமதி மட்டும் கொடுங்கள், லேமினேஷன் செலவு எங்களுடையது.