கேட்டார்களா, அளந்தார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார அறிவியல் பக்கத்தில், விண்வெளியையே நீட்டிச் சுருக்கியபடி பரவும் ஈர்ப்பு அலைகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். 'கருந்துளைகள் மோதிய சத்தத்தைக் கேட்ட விஞ்ஞானிகள்' என்ற தலைப்பு மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என்னிடம் பாடம் கேட்க வரும் எட்டாம் வகுப்பு மாணவி அதை வாசித்துவிட்டு, "வெற்றிடத்தில் ஒலி போகாதே டீச்சர்?" என்றாள். அவள் கேட்டது நியாயம். வந்தது ஒலியே அல்ல, ஈர்ப்பு அலை. அதன் அதிர்வெண் நம் காதுக்கு எட்டும் வரம்பில் இருந்ததால், பிற்பாடு ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் அறுத்து அவள் கையில் கொடுத்தேன். மேலும் கீழும் இழுத்தாள், பக்கவாட்டில் ஒடுங்கியது. பக்கவாட்டில் இழுத்தாள், உயரம் குறைந்தது. ஈர்ப்பு அலை கடந்து போகும்போது விண்வெளிக்கே இப்படித்தான் ஆகிறது. ஒரு திசையில் நீளும், குறுக்குத் திசையில் சுருங்கும், உடனே மாறிக்கொள்ளும். ஈர்ப்பு அலைகளை அளக்கும் அமெரிக்காவின் லைகோ கருவிக்கு 'எல்' வடிவில் 4 கிலோமீட்டர் நீளக் கைகள் இரண்டு இருப்பது இதற்காகத்தான். ஒரே லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து இரு கைகளிலும் ஓடவிடுகிறார்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு கை நீண்டு மறு கை குறுகினால் கணக்குப் பிசகி வெளிச்சம் கசியும்.

2015 செப்டம்பர் 14 அன்று கையின் நீளத்தில் கண்ட மாற்றம், ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு! இதை எப்படி நம்புவது? கட்டுரை இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. எனக்கோ இந்தக் கதையின் உயிரே இதில்தான் இருக்கிறது. 40 கிலோ கண்ணாடிகளை மெல்லிய கண்ணாடி இழைகளில் தொங்கவிட்டும், தூரத்தில் போகும் வண்டியின் அதிர்வுகூட எட்டிவிடுகிறது. லைகோ கருவி இருக்கும் ஹான்ஃபோர்டில் ஒருமுறை புரியாத துடிப்புகள் பதிவாகிக்கொண்டிருந்தன. தேடிப் போனால், குளிர்ந்த குழாயில் படிந்த பனியை அண்டங்காக்கைகள் தாகத்துக்குக் கொத்திக்கொண்டிருந்திருக்கின்றன.

அதனால்தான் 3000 கிலோமீட்டர் தள்ளி லிவிங்ஸ்டனில் இன்னொரு கருவி. ஹான்ஃபோர்டில் கொத்தும் காக்கையை லிவிங்ஸ்டன் அறியாது. அன்றைய அலையோ முதலில் லிவிங்ஸ்டனிலும், ஒரு நொடியில் ஆயிரத்தில் 7 பங்கு கழித்து ஹான்ஃபோர்டிலும், ஒரே வடிவத்தில் பதிந்தது. 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் இணைந்து, மூன்று சூரியன்களின் நிறையை ஆற்றலாக வீசிய அலை அது. ஐன்ஸ்டைன் 1916இல் கணக்குப் போட்டுச் சொன்னது, ஒரு நூற்றாண்டு கழித்துக் கருவியில் விழுந்தது.

இரண்டு கருவிகள் மட்டும் இருந்தால், அலை வானத்தில் எங்கிருந்து வந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதியபோது இத்தாலியின் விர்கோ கருவியும் சேர்ந்திருந்ததால் தேடும் பரப்பு சுருங்கியது. தொலைநோக்கிகள் சில மணி நேரத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தன. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவின் தேவையும் இதுவே. 2023இல் மத்திய அமைச்சரவை அதற்குச் சுமார் 2600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. அங்கே ஒரு நிருபரை அனுப்பி முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுங்கள். அதன் தலைப்பில் 'கேட்டார்கள்' வேண்டாம். 'அளந்தார்கள்' என்று போடுங்கள்.

— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கோவில்பட்டி