பெண்களின் கிறிஸ்துமஸ்

கார்க், அயர்லாந்து
ஜனவரி 8

அன்புள்ள மைனிக்கு,

இங்கே நான் சுகம். போனில் பேசினால் நாலு நிமிஷத்தில் அண்ணன் பிடுங்கிக்கொள்கிறான், உங்களிடம் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதுதான் கடிதம். குளிரைப் பற்றி ஏற்கெனவே நிறைய அழுதாயிற்று, விடுங்கள்.

முந்தாநாள், ஜனவரி 6, இந்த ஊரில் ஒரு விசேஷம். 'நொலிக் ந மான்' என்கிறார்கள். ஐரிஷ் மொழியில் பெண்களின் கிறிஸ்துமஸ். பண்டிகைக்கு ஓடியாடி உழைத்த பெண்களுக்கு அன்றைக்கு ஓய்வு, அடுப்படி ஆண்கள் பொறுப்பு. கார்க், கெரி பக்கம்தான் இதை விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்களாம். வார்டில் என்னோடு வேலைபார்க்கும் ஒரு அம்மா எங்கள் ஏழு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் புருஷன் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறார்! அண்ணனை நினைத்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் மண்டைக்காடு ஞாபகம் வந்தது. பெண்களின் சபரிமலை என்று பேர், இருமுடி கட்டிக் கூட்டமாகத்தான் போகிறோம். போய்? வெயிலில் கல் கூட்டிப் பொங்கலிடுகிறோம். பகவதியைப் பார்க்கப் போனாலும் அடுப்பு நம்மை விடுகிறதா! ஆனால் கல்யாணமாகி வந்த முதல் மாசியில் அந்தப் புகைக்குள் இருந்துதான் நீங்கள் என்னிடம் மனசுவிட்டுப் பேசினீர்கள். நாத்தனார் என்றால் வேவு பார்ப்பாள் என்று உங்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்களே, மறக்குமா?

ஊர் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் 'சிஸ்டர், சிஸ்டர்' என்றார்கள். பாதிப் பேருக்கு என் பேர் தெரியாது. இங்கே எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு பிலிப்பைன்ஸ்காரி மட்டும் 'ஆத்தே' என்பாள். கிழவி என்கிறாளோ என்று முதலில் கோபம். அவர்கள் பாஷையில் அக்காவாம்.

அவள்தான் 'பலுவாகன்' சேர்த்துவிட்டாள். வேறொன்றுமில்லை, நம்ம சீட்டுதான். ஏலம் கிடையாது, கமிஷன் கிடையாது. பத்துப் பேர், மாசம் ஆளுக்கு 100 யூரோ, முறை வைத்து ஒருத்தி மொத்தமாக எடுப்பாள். போன மாசம் என் முறை. கோட்டயத்துச் சேச்சியின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் விட்டுக்கொடுத்தேன். எழுத்து, கையெழுத்து ஒன்றும் இல்லை. அன்றைக்கு ராத்திரி டியூட்டியில்தான் உறைத்தது: ஏஜென்சிக்குக் கட்ட நீங்கள் வளையல் நாலையும் கழற்றித் தந்தபோது, நானும் உங்களுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதித் தரவில்லை.

பிப்ரவரியில் சீட்டு எனக்கு. பணம் உங்கள் கணக்குக்குத்தான் வரும். அடகு ரசீதைத் தேடி வையுங்கள். மாசிக் கொடைக்கு வளையல் கையில் இருக்கவேண்டும். அண்ணனிடம் இப்போதே சொல்லாதீர்கள், தரைக்கு டைல்ஸ் போடலாம் என்பான்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்