ஒட்டியிருக்கும் அறை

அன்புள்ள மகளுக்கு,

புது வீட்டைப் பற்றி நீ ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்: 'மை ரூம் அட்ஜாயின்ஸ் டு ஹிஸ் ரூம்.'

அந்த 'டு' வேண்டியதில்லை. அட்ஜாயின் என்பது செயப்படுபொருளை நேரே ஏற்கும் வினை. 'அவர் அறைக்கு அடுத்து' என்று நான்காம் வேற்றுமையில் நினைத்ததால் அது உள்ளே நுழைந்திருக்கும். 'அவர் அறையை ஒட்டி' என்று நினைத்திருந்தால் பிழை நேர்ந்திராது. என்னிடம் படித்தவள் இப்படி எழுதலாமா? ஆயினும் 'இஸ் அட்ஜாயினிங்' என்று எழுதாமல் விட்டாயே, அதில் எனக்குப் பெருமைதான். அது நடக்கும் செயலைச் சொல்லும் வினையன்று, இருக்கும் நிலையைச் சொல்லும் வினை என்பதை நீ மறக்கவில்லை.

அட்ஜேசன்ட் என்று நீ எழுதியிருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அது 'கிடத்தல்' என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அருகில் கிடந்தால் போதும், தொட வேண்டியதில்லை. அட்ஜாயினின் வேரோ 'பிணைத்தல்'. நுகத்தைக் குறிக்கும் யோக், நாம் வழங்கும் யோகம் என்னும் வடசொல், கணவன் மனைவி உறவைச் சொல்லும் கான்ஜுகல் ஆகிய எல்லாம் அந்த வேரின் சுற்றத்தார்தாம். அட்ஜர்ன் மட்டும் இந்தச் சுற்றத்தில் சேராது. அது நாளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, ஒத்திவைத்தல் என்று பொருள். ஒத்திவைப்பதில் நம் குடும்பம் தேர்ந்தது என்பது வேறு விஷயம்.

தங்கும் விடுதிகளில் இன்னொரு நுட்பமும் பார்ப்பார்கள். அட்ஜாயினிங் அறைகள் என்றால் பக்கத்துப் பக்கத்து அறைகள், பொதுவாக நடுவில் ஒரே சுவர், அவ்வளவே. கனெக்டிங் அறைகள் என்றால்தான் இடையில் கதவு உண்டு. உன் வாக்கியம் வெறும் சுவரைச் சொல்கிறதா, கதவும் இருக்கிறதா என்பது அந்த வினையிலிருந்து தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி உன் கடிதத்தில் வேறு எங்கும் ஒரு சொல்கூட இல்லை. எப்படியாயினும், 'டு' வேண்டாம்.

உண்மையில் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். முன்பு நீ வெளியூரில் தங்கிப் படித்தபோது, 'ஐ ஆம் நாட் ஸ்லீப்பிங் சின்ஸ் டூ வீக்ஸ்' என்று எழுதியிருந்தாய். 'சின்ஸ்' தவறு, 'ஃபார்' என்று வர வேண்டும், வினையின் காலத்தையும் மாற்ற வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்து அனுப்பினேன். இரண்டு வாரமாக ஏன் உறங்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பின் நீ எழுதிய கடிதங்களில் பிழை குறைந்தது, கடிதங்களும் குறைந்தன. உன் ஆங்கிலம் தேறிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு இருக்கிறதா என்று எழுது. 'டு' போட்டே எழுது. சிவப்புப் பேனாவை உன் அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள்.

அன்புடன்,
அப்பா