என் முட்டியில் எடுத்த நீர்

அன்பு மகளுக்கு,

நீ போனில் கேட்டபோது சும்மா வீக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்றாள், அதனால்தான். உண்மையில் ஞாயிறு ராத்திரி வலது முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. மறுநாள் ஊசி குத்தி 40 மில்லி மூட்டு நீர் எடுத்தார்கள். நல்ல முட்டியில் 4 மில்லி தேறினால் அதிகம்.

30 வருடம் லேப்பில் உட்கார்ந்து இந்த நீரைப் பார்த்தவன் நான். ஊசிக்குக் கீழே படுத்தது இதுதான் முதல் தடவை. குத்தியவர் உன் வயதுப் பையன். முட்டிச் சில்லுக்கு மேலே வெளி ஓரமாக மரப்பு ஊசி போட்டுவிட்டுப் பெரிய ஊசியை இறக்கினார். தோலில் ஒன்றும் தெரியவில்லை; உள்ளே மூட்டு உறையைத் துளைக்கும்போதுதான் சுரீரென்றது. அதை அவர் முன்னாடியே சொல்லவில்லை. நான் காலை உதற, அவர் மிரள, கடைசியில் நான்தான் அவரைத் தேற்றினேன். நீயும் டாக்டர், நீயாவது சொல்லிவிட்டுக் குத்தும்மா.

சிரிஞ்சில் வந்தது கலங்கின மஞ்சள். நல்ல நீர் என்றால் டியூபுக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்து தெரியும், சொட்டு விட்டால் முட்டை வெள்ளைக்கரு போல நூலாக இழுபடும். என்னுடையது தண்ணீராகச் சொட்டியது. ஆனால் பாரம் இறங்கின மாதிரி காலை அப்போதே கொஞ்சம் மடக்க முடிந்தது.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் நார்மல், அதனால் கௌட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகத் தங்கும் வாதம், இல்லை என்று ஒருத்தர் முடிவே கட்டியிருந்தார். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்த அளவு நார்மலாகவும் இருக்கும். பழைய சிநேகிதர் ஸ்லைடை எனக்கே காட்டினார்: வெள்ளணுக்களுக்குள் ஊசி ஊசியாய்ப் படிகங்கள். கௌட்தான்.

இனி லேப்காரன் வயிற்றெரிச்சல். காலையில் எடுத்த நீரை மத்தியானம் அனுப்பாதே, அணுக்கள் சிதைந்து எண்ணிக்கை குறைந்துவிடும். வெள்ளணுக்களை எண்ண ரத்தத்தில் கலக்கும் அசிட்டிக் ஆசிட் திரவத்தை இதில் கலந்தால் பால் திரிந்த மாதிரி கட்டியாகிவிடும். சலைன், அதாவது உப்பு நீர்தான் சேர்க்க வேண்டும். புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லியே எனக்குப் பாதித் தலை நரைத்தது. காய்ச்சலோடு சூடாக வீங்கின முட்டி வந்தால், முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்க, நீரை எடுத்துவிடு.

ஒரு தடவை நீர் எடுத்தால் எடுத்துக்கொண்டே இருக்கணுமாம், எதிர்வீட்டு ஆச்சி சொன்னதில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடி ஊறினால் அது நோயால், ஊசியால் இல்லை என்று நான் சொன்னால் எடுபடவில்லை. நீ டாக்டர், நீ சொல்.

யூரிக் ஆசிட்டைக் கூட்டும் என்று ஈரல், நெத்திலி எல்லாம் வீட்டில் நின்றுபோனது. தீபாவளிக்கு வரும்போது நெத்திலிக் குழம்பு வேண்டும் என்று நீயாகக் கேள். உன் சாக்கில் எனக்கு ஒரு கரண்டி கிடைக்கும்.

அப்பா