வேகம் அளக்கும் கருவிகளுக்கான மானியம், அவற்றை வாங்குவதோடு முடிந்துவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகனங்களின் வேகத்தை அளக்கும் ரேடார், லேசர் கருவிகளையும் தானியங்கி கேமராக்களையும் போக்குவரத்துக் காவல் துறை வாங்குவதற்கு அரசு மானியம் வழங்குவதை முழு மனத்துடன் வரவேற்கிறேன். ஆயினும் இத்தகைய மானியங்கள் பெரும்பாலும் கருவியின் விலையை மட்டுமே கணக்கில் கொள்வது எனக்குக் கவலையளிக்கிறது.

சாலை விபத்துகளில் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிரிழப்பில் முடியும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடுதான். பத்து கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஓட்டுநர், குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண்டு, ஒரு விநாடியில் சுதாரித்து பிரேக்கை அழுத்தினால், ஈரமில்லாத சாலையில் சுமார் 28 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். அதே இடத்தில் குழந்தையைக் கண்டு, அதே ஒரு விநாடியில் பிரேக்கை அழுத்திய 60 கி.மீ. கார், அந்த 28 மீட்டரைத் தொடும்போது இன்னும் ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் காருக்குத் தப்பும் குழந்தை இரண்டாவது காருக்குத் தப்பாது. ஆகவே வேகத்தை அளப்பதற்கான செலவை வீண் செலவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டுமே. கையில் பிடிக்கும் ரேடார் கருவியைப் பணி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் சோதிப்பதற்கென ஓர் இசைக்கவை, அதாவது தட்டினால் சீராக அதிரும் இரு கிளை உலோகக் கவை, உண்டு. அதைத் தட்டி ரேடாரின் முன்னே பிடித்தால், கவையில் குறிக்கப்பட்டுள்ள வேகமே திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அக்கருவியை அன்று பயன்படுத்தக் கூடாது. ரேடார் அனுப்பும் அலைக்கற்றை தூரம் செல்லச் செல்ல விரிந்துவிடுவதால், நெரிசலான சாலையில் திரையில் வந்த எண் எந்த வண்டிக்கு உரியது என்பதைப் பயிற்சி பெற்ற காவலரால்தான் தீர்மானிக்க இயலும். லேசர் கற்றை மிகக் குறுகியது. அதனால் ஒரே வண்டியைக் குறிவைக்க முடியும் என்றாலும், கை அசையாமல் ஒரே புள்ளியில் பிடிக்கும் பழக்கம் அதற்கும் தேவை. இவற்றோடு, ஆய்வகத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய அளவுத்திருத்தமும் (கருவி சரியாக அளக்கிறதா என்று ஒப்பிட்டுச் சரிசெய்வது) அதற்கான சான்றிதழும் இருக்கின்றன. கருவிக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஆண்டுதோறும் வரும் இந்தச் செலவுகளுக்கு வழி செய்யாமல் விட்டால், இரண்டாம் ஆண்டிலேயே கருவி அலமாரிக்குப் போகும். அல்லது, அதைவிட மோசமாக, சோதிக்கப்படாமலே சாலையில் தொடர்ந்து இயங்கும்.

சோதிக்கப்படாத கருவி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் சான்று. சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த ஒரு கார், மணிக்கு 38 மைல், அதாவது சுமார் 61 கி.மீ. வேகத்தில் சென்றதாக அங்கே ஒரு கேமரா அபராதச் சீட்டு அனுப்பியது. கார் நகரவே இல்லை என்பது அந்தக் கேமராவின் பதிவிலேயே தெரிந்தது. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் பத்திரிகையாளர்கள் இத்தகைய பிழைகளை வெளிக்கொணர்ந்த பின், 2013-இல் நகர நிர்வாகம் கேமராக்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. பிழையான ஒரு சீட்டு, சரியான ஆயிரம் சீட்டுகளின் மீதும் ஐயத்தை ஏற்படுத்திவிடுகிறது. அந்த நம்பிக்கையை மீட்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அளவுத்திருத்தச் செலவு மிகச் சிறியது.

கருவிகளின் செலவை அபராதத் தொகையிலிருந்தே ஈடுகட்டிக்கொள்ளலாமே, மானியம் எதற்கு என்ற வாதமும் எழுகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், இதை நான் அடியோடு மறுக்கிறேன். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு எட்டுப் பகுதிகளில் இம்முறை சோதனையாகத் தொடங்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. கேமராக்கள் உயிரைக் காக்கவா, வசூலுக்கா என்ற கேள்வி ஓயவே இல்லை. 2007-இல் அம்முறை கைவிடப்பட்டு, அபராத வரவோடு தொடர்பில்லாத சாலைப் பாதுகாப்பு மானியம் அதன் இடத்துக்கு வந்தது. கேமரா தன் வேலையைச் செவ்வனே செய்தால் மக்கள் வேகத்தைக் குறைப்பார்கள், அபராத வரவும் குறையும். அந்த வரவை நம்பியிருக்கும் அலுவலகம் அப்படியொரு வெற்றியை எப்படி விரும்பும்? இதே காரணத்தால், எத்தனை பேருக்கு அபராதம் விதிக்கப்பட்டது என்பதை மானியம் தொடர்வதற்கான தகுதியாக ஒருபோதும் வைக்கக் கூடாது.

தகுதியாக வைக்க வேண்டியது, கருவி இயங்கும் சாலையில் சராசரி வேகமும் விபத்துகளும் குறைந்தனவா என்பதைத்தான். இதிலும் கவனம் வேண்டும். விபத்துகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தற்செயலாகவும் ஏறி இறங்கும். விபத்துகள் மிகுந்த ஆண்டைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால், கருவி வைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை ஓரளவு தானாகவே இறங்கும். பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, கேமரா வைத்த இடங்களில் உயிரிழப்பும் கடுங்காயமும் 42 சதவீதம் குறைந்ததாகக் கூறியது. அவ்வாறான குறைவில் கணிசமான பகுதி இந்த இயல்பான இறக்கமாக இருக்கலாம் என்பதை அதே அறிக்கையின் பின்னிணைப்பு காட்டியது. மீதமுள்ள பயனும் உயிர்களைக் காத்த பயன்தான். ஆனால் ஓராண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு வெற்றி என்றோ தோல்வி என்றோ முடிவுகட்ட முடியாது.

எனவே மானியம் வழங்குவோரிடம் நான் கேட்பது இதுதான்: கருவியின் ஆயுட்காலம் முழுவதற்குமான அளவுத்திருத்தம், பழுதுபார்ப்பு, காவலர் பயிற்சி ஆகியவற்றின் செலவை மானியத் தொகையிலேயே தனித் தலைப்பாகச் சேர்க்க வேண்டும், கருவி வைக்கப்படும் சாலையின் முந்தைய மூன்று ஆண்டு விபத்து விவரத்தையும், ஒவ்வொரு கருவியும் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுவதை மானியம் பெறுவதற்கான நிபந்தனையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்